ஏழு இடங்களில் ஒரு வாக்கியம்: ‘இரட்சித்தல்’ என்னும் வினையின் மொழிபெயர்ப்புக் குறித்து

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் 23-ஆம் வசனம் முதல் 34-ஆம் வசனம் முடியவுள்ள பன்னிரண்டு வசனங்களுக்குள், கிரேக்க மூலத்தில் ஒரே வினைச்சொல் மூன்று முறை வருகிறது. ‘சோட்சோ’ என்பது அச்சொல். ஜெப ஆலயத் தலைவனாகிய யவீரு தன் மகளுக்காக மன்றாடுகையில் அதைச் சொல்லுகிறான். கூட்டத்தினூடே வந்த பெரும்பாடுள்ள ஸ்திரீ தன் உள்ளத்தில் அதை எண்ணிக்கொள்ளுகிறாள். முடிவில் நம் ஆண்டவர் அவளைப் பார்த்து அதே சொல்லைச் சொல்லி அனுப்புகிறார். நம் சபைகளில் இன்றும் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பில் அது யவீருவின் வாயில் ‘ஆரோக்கியமடைதல்’ என்றும், ஸ்திரீயின் உள்ளத்தில் ‘சொஸ்தமாதல்’ என்றும், ஆண்டவர் திருவாயில் ‘இரட்சித்தல்’ என்றும் அமைந்துள்ளது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் என்னும் பொது மொழிபெயர்ப்போ ஆண்டவருடைய கூற்றிலும் ‘குணமாக்கிற்று’ என்றே மொழிபெயர்க்கிறது.

ஒரு சொல்லுக்குப் பல பொருள் உண்டாயின் இடத்துக்கேற்ற பொருளைத் தெரிந்துகொள்வது மொழிபெயர்ப்பாளர் கடமை. அதில் ஐயமில்லை. இவ்விடத்தில் அவ்வாறு தெரிந்துகொண்டதால் நாம் எதைப் பெற்றோம், எதை இழந்தோம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வினாவை எனக்கு முதன்முதல் எழுப்பியவர் கிரேக்கம் கற்பித்த ஆசிரியர் அல்லர். கொல்லிமலையில் வாழ்ந்த, எழுத்தறியாத மூதாட்டி ஒருவர்.

திருவிவிலியம் வெளிவந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். வாழவந்தி நாட்டுச் சிற்றூர் ஒன்றில், சாமை அறுப்பு முடிந்த ஒரு மாலையில், வீட்டுக் கூட்டத்துக்காகச் சென்றிருந்தேன். புதிய மொழிபெயர்ப்பை மக்களிடையே அறிமுகப்படுத்த வேண்டும் என்னும் ஆர்வம் அப்பொழுது எனக்கு மிகுதி. எனவே இப்பகுதியை அதிலிருந்தே வாசித்தேன். அவ்வீட்டு மருமகள், “இப்பத்தாங்க ஐயா கதையே விளங்குச்சு” என்று மகிழ்ந்தார். மாமியாராகிய மூதாட்டி மகிழவில்லை. வேதத்தைக் காதால் கேட்டே மனப்பாடமாக வைத்திருந்தவர் அவர். “கடைசியில ‘இரட்சித்தது’ன்னு வருமே, அதைக் காணோமே ஐயா?” என்றார். கருத்து ஒன்றுதான், புதிய தமிழில் எளிமையாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று விளக்கினேன். சற்றுநேரம் எண்ணிவிட்டு, “அப்ப அந்தம்மாவுக்கு நோய் மட்டுந்தான் போச்சா?” என்று கேட்டார்.

அன்று நான் அளித்த மறுமொழி தவறானது. இவ்விடத்தில் சரீர சுகமே பேசப்படுகிறது என்றும், ஆத்தும இரட்சிப்பை லூக்கா ஏழாம் அதிகாரத்தில் பாவியாகிய ஸ்திரீயின் வரலாற்றில் காணலாம் என்றும் கூறினேன். அவர் மறுத்துப் பேசவில்லை. “எங்கப்பனுக்குக் கால்ல நரம்புச் சிலந்தி. துரை ஒருத்தர் வந்து குச்சியில சுத்திச் சுத்தி எடுத்தாரு. காலு நல்லாச்சு. அதுக்கப்புறம் எங்கப்பன் வேற ஆளு. எது முன்ன, எது பின்னன்னு எங்களுக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியாது ஐயா” என்றார். அந்தத் துரை யார் என்று நான் கேட்கவில்லை. திரும்பி வந்து கிரேக்கப் புதிய ஏற்பாட்டைப் புரட்டியபோது, மாற்கு 5:34-இலும் லூக்கா 7:50-இலும் ஆண்டவர் சொன்ன வாக்கியம் எழுத்துக்கு எழுத்து ஒன்றே எனக் கண்டேன். நான் இரண்டாகப் பிரித்துக் காட்டியதை மூலம் பிரிக்கவேயில்லை.

‘சோட்சோ’ என்னும் வினையின் பொருட்பரப்பு பெரிது. புயலில் அமிழும் கப்பலிலிருந்து தப்புதல், நோயினின்று தேறுதல், பகைவர் கையினின்று விடுபடுதல், இறவாமல் காக்கப்படுதல், பாவத்தினின்றும் தேவகோபத்தினின்றும் மீட்கப்படுதல் ஆகிய யாவும் இதில் அடங்கும். அப்போஸ்தலர் 27-இல் பவுலும் உடன் வந்தோரும் கடலில் தவிக்கும்போது வருவதும் இச்சொல்லே. பழைய மொழிபெயர்ப்பு அங்கே ‘தப்பிப்பிழைத்தல்’ என மிக அழகாகச் சொல்லுகிறது. யோவான் 11:12-இல் லாசரு தூங்கினால் தேறிவிடுவான் என்று சீஷர்கள் எண்ணும்போது வருவதும் இதுவே. அப்போஸ்தலர் நான்காம் அதிகாரம் இன்னும் கூர்மையானது. சப்பாணியாயிருந்தவன் எதனால் நடக்கலானான் என்பதே அங்கே ஆலோசனைச் சங்கம் விசாரிக்கும் பொருள். பேதுரு 9-ஆம் வசனத்தில் அவன் கால்களைக் குறித்து இவ்வினையைச் சொல்லி, 12-ஆம் வசனத்தில் அதே வினையை மனுக்குலம் முழுமைக்குமாக விரித்துவிடுகிறார். கிரேக்கத்தில் கேட்டவருக்கு அது ஒரே சொல் படிப்படியாக உயர்வது போலக் கேட்டிருக்கும். தமிழில் முன்னதில் ‘ஆரோக்கியம்’, பின்னதில் ‘இரட்சிப்பு’ என வருவதால், பேதுரு வழக்கை விட்டுவிட்டுப் பிரசங்கத்துக்குத் தாவிவிட்டார் போலத் தோன்றுகிறது.

விசுவாசத்தை எழுவாயாக வைத்து ஆண்டவர் கூறிய அவ்வாக்கியம் நற்செய்தி நூல்களில் ஏழு இடங்களில் வருகிறது: மத்தேயு 9:22, மாற்கு 5:34, 10:52, லூக்கா 7:50, 8:48, 17:19, 18:42. இவற்றுள் லூக்கா 7:50 ஒன்றே நோயின்றி வந்தவரை நோக்கியது. ஏனையவை பெரும்பாடுள்ள ஸ்திரீ, எரிகோவின் குருடன், சமாரியனாகிய குஷ்டரோகி ஆகியோரைப் பற்றியவை. ஆங்கில ஜேம்ஸ் அரசர் மொழிபெயர்ப்பு இவ்வேழையும் இரு சொற்களாகப் பிரித்தது. பாவியாகிய ஸ்திரீக்கு ‘சேவ்’ என்னும் வினை. நோயாளருக்கு ‘ஹோல்’ என்னும் சொல். பிரித்தவர்கள் தாங்கள் பிரித்த வகையில் நிலைத்து நிற்கவுமில்லை. எரிகோவின் குருடன் மாற்கில் ‘ஹோல்’ ஆகிறான். அதே குருடன் லூக்கா 18:42-இல் ‘சேவ்’ பெறுகிறான்! பின்வந்த ஆங்கிலத் திருத்தங்கள் ‘ஹோல்’ என்பதையும் கைவிட்டு, ‘உன்னை நலமாக்கிற்று’ என்னும் பொருள்பட எழுதின.

‘ஹோல்’ என்பதற்காகவாவது ஒரு சொல் பரிந்துபேசலாம். முழுமை, நோயின்மை என்னும் இருபொருளும் அதில் உண்டு. உடல்நலத்தைக் குறிக்கும் ‘ஹெல்த்’, பரிசுத்தத்தைக் குறிக்கும் ‘ஹோலி’ ஆகியவையும் அதே வேரில் பிறந்தவை. பழைய ஆங்கிலேயன் காதுக்கு அது வளமான சொல்லாயிருந்திருக்கும். ஆனால் ஆங்கிலத்தை மூலமாக வைத்து வேறொரு மொழிக்குச் செல்பவன் இங்கே இடறுவான். ஸ்பானியத்துக்குச் செல்பவன் ‘முழுமையான’ என்னும் ‘எந்தேரோ’வை எடுப்பதா, ‘நோயற்ற’ என்னும் ‘சானோ’வை எடுப்பதா என்று தயங்குவான், எதை எடுத்தாலும் மறுபாதி நழுவிவிடும். ஸ்பானியப் புராட்டஸ்டண்டார் பெரிதும் பயன்படுத்தும் ரெய்னா-வலேரா வேதாகமத்தின் 1960-ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்விடறலுக்குத் தப்பியது. மாற்கு 5:34-இலும் லூக்கா 7:50-இலும் ‘சால்வா’, ‘சால்வார்’ என ஒரே வேர்ச்சொல்லை அது வைத்திருக்கிறது. இலத்தீனில் ‘சால்வுஸ்’ என்றால் நலமுடையவன் என்றும் காக்கப்பட்டவன் என்றும் பொருள். அவ்வழி வந்த மொழிகளுக்கு அது ஒரு நற்பேறு.

தமிழுக்கு அந்நற்பேறு இல்லை என்று எண்ணிவிடலாகாது. 1871-இல் ஹென்றி பவர் தலைமையிலான குழுவினர் வெளியிட்ட ஐக்கிய மொழிபெயர்ப்பின் வழிவந்த நம் பழைய வேதாகமம் இவ்வேழு இடங்களிலும் ‘இரட்சித்தது’ என்றே சொல்லுகிறது. ஆங்கிலம் பிரித்ததை அது பிரிக்கவில்லை. ஏன் பிரிக்கவில்லை என்பதற்கு விடை அச்சொல்லின் அன்றைய பரப்பில் இருக்கிறது. ‘ரக்ஷ்’ என்னும் வடமொழி வேருக்குக் காத்தல் என்பதே பொருள். அரசன் குடிகளை இரட்சிப்பான். தெய்வம் அடியாரை இரட்சிக்கும். மத்தேயு 8:25-இல் படகு அமிழும்போது சீஷர்கள் எழுப்பும் கூக்குரலிலும், 14:30-இல் பேதுரு நீரில் மூழ்கும்போது எழுப்பும் கூக்குரலிலும் பழைய மொழிபெயர்ப்பு இச்சொல்லையே வைத்தது. யாக்கோபு 5:15-இல் பிணியாளிக்காகச் செய்யும் ஜெபத்தைக் குறித்தும் இதுவே. அம்மொழிபெயர்ப்பாளர்களுக்கு இரட்சிப்பு என்பது தண்ணீரிலிருந்தும் பாயிலிருந்தும் பாவத்திலிருந்தும் ஒருவனைத் தூக்கியெடுக்கும் ஒரே கையின் செயல்.

இச்சொல்லைச் சுருக்கியவர்கள் நாமே என்பது என் துணிபு. எழுப்புதல் கூட்டங்களின் வழியே ‘இரட்சிக்கப்பட்டவரா?’ என்னும் கேள்வி நம்மிடையே ஒரு தனிப்பொருள் பெற்றது. ஒருவர் இன்ன நாளில், இன்ன கூட்டத்தில், மனந்திரும்பினாரா என்பதே அதன் பொருள். அதில் தவறில்லை, ஆனால் அதுவே முழுப்பொருளாயிற்று. நான் இளம் போதகனாயிருந்தபோது ஓர் ஊழிய அமைப்புக்கு மாதந்தோறும் அறிக்கை அனுப்பிவந்தேன். அச்சிட்ட படிவத்தில் ‘மருத்துவ உதவி பெற்றோர்’ என ஒரு பத்தியும், ‘இரட்சிக்கப்பட்டோர்’ என மற்றொரு பத்தியும் இருந்தன. முன்னதில் நூற்றுக்கணக்கும் பின்னதில் பெரும்பாலும் சுழியமும் எழுதுவேன். அந்தச் சுழியத்தைக் கண்டு வெட்கமுற்றதுண்டு. அவ்விரு பத்திகளுக்கிடையே கோடு கிழித்தவர் யார் என்று அந்நாட்களில் எண்ணிப்பார்த்ததில்லை.

இச்சுருக்கம் நிகழ்ந்தபின் வந்தவர்கள் 1995-இன் மொழிபெயர்ப்பாளர்கள். ‘இரட்சிப்பு’ சபைக்கு வெளியே விளங்காத குழுச்சொல்லாகிவிட்டதை அவர்கள் சரியாகவே கண்டனர். கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டாரும் ஒருங்கே வாசிக்கத்தக்க நல்ல தமிழ் வேண்டும் என்னும் அவர்கள் நோக்கத்தை நான் பெரிதும் போற்றுகிறேன். என் வகுப்புகளில் அம்மொழிபெயர்ப்பையே முதலில் எடுக்கிறேன். ஆயினும் அவர்கள் ‘இரட்சிப்பு’க்கு ஈடாக ‘மீட்பு’ என்பதை அமைத்தபோது, நாம் சுருக்கிய பொருளுக்கே ஈடு தேடினர் எனத் தோன்றுகிறது. ‘மீட்பு’ என்பதை நோயாளியின்மேல் ஏற்ற இயலவில்லை. ஆகவே லூக்கா 7:50-இல் ‘மீட்டது’ என்றும், நோயாளரின் வரலாறுகளில் ‘குணம்’, ‘நலம்’ என்றும் வேறுபடுத்த நேர்ந்தது. ஜேம்ஸ் அரசர் மொழிபெயர்ப்பு கிழித்த கோடு இருநூற்றெண்பது ஆண்டுகள் வேண்டாதிருந்த தமிழுக்கும் வந்துசேர்ந்தது என்று சொல்லத் துணிவேன். சீகன்பால்கு 1714-இல் தரங்கம்பாடியில் அச்சிடத் தொடங்கியதிலிருந்து எண்ணினால் அக்கணக்கு.

இதனால் வரும் இழப்புக்கு இரண்டு இடங்களைக் காட்டுவேன். முதலாவது, பத்துக் குஷ்டரோகிகளின் வரலாறு. லூக்கா 17-இல் பதின்மரும் சுத்தமாயினர் என 14-ஆம் வசனம் ஒரு வினையைச் சொல்லுகிறது. தான் குணமானதைக் கண்டு ஒருவன் திரும்பினான் என 15-ஆம் வசனம் மற்றொரு வினையைச் சொல்லுகிறது. திரும்பி வந்து காலில் விழுந்தவனிடம் மட்டும் 19-ஆம் வசனத்தில் ‘சோட்சோ’ வருகிறது. பதின்மரும் பெற்றது ஒன்று. அவன் ஒருவன் பெற்றது அதனினும் மேலானது. அதைச் சொல்வதற்கென்றே லூக்கா மூன்று வினைகளைப் படிக்கட்டாக அடுக்கியிருக்கிறார். மூன்றாம் படியிலும் ‘நலம்’ என்று வைத்துவிட்டால், நன்றி சொல்ல வந்தவனுக்கு முன்னமே கிடைத்ததை மீண்டும் எடுத்துச் சொல்லியதாகவே முடிகிறது.

இரண்டாவது இடம் இதனினும் பெரிது. மாற்கு 15:31-இல் சிலுவையின் கீழ் நின்ற பிரதான ஆசாரியர்கள், பிறரை இரட்சித்தவனால் தன்னை இரட்சித்துக்கொள்ள முடியவில்லை என்று ஏளனம் பேசுகின்றனர். பிறர் என்றால் யார்? மாற்கு நற்செய்தியை அதுவரை கேட்டுவந்தவன் காதில் இவ்வினை யாரைப் பற்றி ஒலித்திருக்கிறது? யவீருவின் மகள், பெரும்பாடுள்ள ஸ்திரீ, எரிகோவின் பர்திமேயு. ஏளனம் செய்தவர்கள் தம்மையறியாமல் அவர்களையெல்லாம் சிலுவையடியில் சாட்சிகளாக நிறுத்திவிட்டனர். பொது மொழிபெயர்ப்பில் அங்கே மூன்றாவதாக ‘விடுவித்தல்’ என்னும் வினை வருகிறது. தனித்துப் பார்த்தால் குறையில்லாத தமிழ். ஆனால் குணம் பெற்றவளுக்கும் அவ்வேளனத்துக்கும் இடையே மாற்கு கட்டிய பாலம் தமிழ் வாசகனுக்குப் புலப்படவே வழியில்லை.

இனிக் கொல்லிமலைக்குத் திரும்புவோம். ஏனெனில் இச்சொல்லின் இருபாதிகளும் ஒன்றாயிருந்த ஊழியம் ஒன்று அங்கே நடந்தது. ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெஸி பிராண்ட், அவர் துணைவியார் எவ்லின் ஆகியோர் 1913-இல் திருமணமானதும் இம்மலையைத் தம் இல்லமாகக் கொண்டனர். மலையேறச் சாலையில்லை, நடந்தோ, டோலியில் சுமக்கப்பட்டோ செல்லவேண்டும். அவர்கள் தங்கிய ஊர்ப்பெயரும் வாழவந்தி! ஜெஸி பிராண்ட் முழு மருத்துவப் பட்டம் பெற்றவரல்லர். இலண்டன் லிவிங்ஸ்டன் கல்லூரியில் அருட்பணியாளருக்கென அளிக்கப்பட்ட பயிற்சியே அவரிடம் இருந்தது. அதைக்கொண்டு பல் பிடுங்கினார், கட்டிகளைக் கீறினார், நரம்புச் சிலந்திப் புழுக்களைக் குச்சியில் சுற்றி எடுத்தார், அந்நோய் குடிநீர் வழியே வருவதால் கிணறுகளுக்குச் சுவரெழுப்பச் சொன்னார். (அந்நோய் இந்தியாவினின்று ஒழிந்ததென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது 2000-ஆம் ஆண்டில்தான்.) பல ஆண்டுகள் அவர் பிரசங்கத்துக்குச் செவிகொடுத்து ஞானஸ்நானம் பெற ஒருவரும் முன்வரவில்லை. முதல் உலகப்போரின் முடிவில் பரவிய விஷக்காய்ச்சலின்போது, அதுவரை அவர்களை எதிர்த்துவந்த பூசாரி ஒருவர் நோயுற்றார். அவர் வீட்டுக்குச் சென்று பணிவிடை செய்தவர் பிராண்ட். இறக்கும் தறுவாயில் அப்பூசாரி தம் பெண்குழந்தையை அத்தம்பதியரிடம் ஒப்படைத்தார். குழந்தை பிழைத்தது, அவர்கள் மகளாக வளர்ந்தது. மலைச்சபை அதன்பின்பே தோன்றிற்று.

என்னிடமிருந்த படிவத்தில் இந்நிகழ்ச்சியை எந்தப் பத்தியில் எழுதுவது? பூசாரி குணமாகவில்லை, ஞானஸ்நானமும் பெறவில்லை. குழந்தைக்கு அளிக்கப்பட்டது பாலும் பராமரிப்பும். ‘குழந்தை பிழைத்தது’ என்று எழுதினேனே, அந்தச் சொல்லைச் சற்றே நின்று நோக்கலாம். மலையிலும் அடிவாரத்திலும் மக்கள் நாள்தோறும் வழங்கும் சொல் அது. சாவுக்குத் தப்பினவன் பிழைத்தான். நோயினின்று தேறினவன் பிழைத்துக்கொண்டான். உழைத்து உண்பதற்கு வழி பிழைப்பு. அவ்வழியற்றவன் பிழைப்பற்றவன்.

ஜெஸி பிராண்டின் மகன் பால் பிராண்ட் 1914-இல் இம்மலைக்குடும்பத்தில் பிறந்தவர். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைவிரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்துவதில் உலகப்புகழ் பெற்றவர். தொடக்கத்தில் அவருக்கு நேர்ந்த துயரம் ஒன்றை அவர் வரலாற்றை வாசித்தோர் அறிவர். கை நிமிர்ந்தவர்கள் திரும்பி வந்து, முன்பு மடங்கிய கையைக் கண்டு பிச்சையிட்டோர் இப்பொழுது இடுவதில்லை என்று முறையிட்டனர். கைக்குக் குணம் உண்டாயிற்று, பிழைப்புப் போயிற்று. அதன்பின்பே நவஜீவ நிலையம் என்னும் சிறு குடியிருப்பு எழுந்தது. தச்சுவேலை முதலியவற்றை அவர்கள் அங்கே கற்றனர். லூக்கா 17-இன் மூன்று வினைகளுக்கு இதனினும் நல்ல விரிவுரையை நான் வாசித்ததில்லை. கையில் நிகழ்ந்தது குணம். அந்நிலையத்தில் நிகழ்ந்ததற்கு ‘சோட்சோ’ என்னும் சொல் வேண்டும்.

அப்படியானால் ‘பிழைக்கவைத்தது’ என்று ஏழு இடங்களிலும் மொழிபெயர்த்தால் என்ன? சிரியமொழிப் பெஷித்தா வேதாகமம் ஏறத்தாழ இதையே செய்திருக்கிறது. அம்மொழியில் இரட்சித்தலுக்கு வழங்கும் வினை ‘உயிர்வாழச் செய்தல்’ என்பது. இரட்சிப்புக்கு வழங்கும் பெயர் ‘ஜீவன்’. இரட்சகர் என்பதற்கு ‘ஜீவன் அளிப்பவர்’. மாற்கு 5:34-இல் அவள் விசுவாசம் அவளை வாழச் செய்தது என்றே சிரிய வாசகன் கேட்டான். நம் ஆண்டவர் பேசிய அரமேயத்துக்கு நெருங்கிய மொழியாதலால் இதற்குத் தனி மதிப்பு உண்டு. தமிழிலும் ‘பிழைக்கவைத்தது’ என்பது பெரும்பாடுள்ள ஸ்திரீக்கும், பாவியாகிய ஸ்திரீக்கும் பொருந்தும். பிறரைப் பிழைக்கவைத்தவன் தான் பிழைக்கவில்லை என்னும் ஏளனம் தெருத்தமிழில் அப்படியே கேட்கத்தக்கது.

தடைகளும் உண்டு, மறைப்பது நேர்மையன்று. ‘பிழை’ என்பதற்குத் தவறு என்னும் பொருளும் இருக்கிறது. திருக்குறளின் 90-ஆம் அதிகாரத் தலைப்பிலேயே பெரியாரைப் பிழையாமை என்று அப்பொருள் காண்கிறது. அவ்வதிகாரத்தின் 896-ஆம் குறள் தப்பிவாழ்வதற்கு ‘உய்வு’ என்பதையும் தவறிழைப்பதற்குப் ‘பிழைத்தல்’ என்பதையும் அருகருகே வைத்திருக்கிறது. மேலும், யவீரு தன் மன்றாட்டில் ‘சோட்சோ’வை அடுத்து ‘வாழ்தல்’ என்னும் வேறொரு கிரேக்க வினையையும் சொல்லுகிறான்; ‘பிழைத்தல்’ அங்கே அதற்கு வேண்டியிருக்கிறது. பெயர்ச்சொல்லாக ‘பிழைப்பு’ என்பது ‘இதுவும் ஒரு பிழைப்பா’ என்னும் இகழ்ச்சியையும் சுமந்திருப்பதால், ‘இரட்சிப்பு’ வரும் இடங்களிலெல்லாம் அதை வைத்தல் இயலாது.

‘உய்வு’ இவ்வனைத்துக்கும் ஈடாகும் என்பர் தமிழறிஞர். சொல் அருமையானது. உடலுக்கும் உயிருக்கும் ஒருங்கே பொருந்துவது. சைவ, வைணவ அடியார்கள் பாடிப் பழக்கியது. ஆயினும் வாழவந்தி மூதாட்டிக்கு அதை நான் உரைசெய்து விளக்கவேண்டியிருக்கும். ‘வாழ்வளித்தது’ என்று வைக்கலாமே என்றார் உடன் பணியாற்றும் நண்பர் ஒருவர். ஒரு பெண்ணுக்கு வாழ்வு கொடுத்தான் என்றால் நம் நாட்டில் மக்கள் எதை எண்ணுவர் என்பதை லூக்கா ஏழாம் அதிகாரத்தின் சூழலில் அவர் எண்ணிப்பார்க்கவில்லை போலும்.

எனவே எச்சொல்லாயினும் ஏழு இடங்களிலும் ஒன்றே இருக்கட்டும் என்பதே என் வேண்டுகோள். ‘மீட்டது’ என்பதையே ஏழிலும் வைப்பினும் இசைவேன். நோயினின்று ஒருவளை மீட்டது என்று சொல்லத் தமிழ் இடங்கொடாமல் போகாது. சிலநாள் பழகவேண்டும், அவ்வளவே.

இதற்கு வலிமையான மறுப்பு ஒன்று சபையிலிருந்தே எழும். குணமாதலையும் இரட்சிப்பையும் ஒரே சொல்லால் கூறினால், குணமாகாதவன் இரட்சிக்கப்படாதவன் என்று போதிப்பவருக்கு நாமே ஆயுதம் கொடுத்தவராவோம் என்பது அம்மறுப்பு. இதை நான் எளிதாகத் தள்ளேன். எங்கள் சபையில் சிறுநீரகம் பழுதுற்ற ஒருவர், இருபிள்ளைகளின் தந்தை, சுகமளிக்கும் கூட்டம் ஒன்றில் விசுவாசக்குறைவு உள்ளவர் என்று மேடையிலிருந்து கடிந்துகொள்ளப்பட்டார். சில மாதங்களில் மரித்தார். அடக்கம் முடிந்த இரவில் அவர் மனைவி, “அவர் இரட்சிக்கப்பட்டாரா ஐயா?” என்று என்னைக் கேட்டார். இருபது ஆண்டுகள் என்னோடு பந்தியில் அமர்ந்த மனிதரைப்பற்றி அவ்வினா எழுந்தது. சொற்களைப் பிரித்து வைத்திருந்தால் இவ்விபத்து நேராதே என்று அன்று நானும் எண்ணினேன்.

ஆனால் அப்போதகர் தம் மேடையில் எடுத்தாண்டது பழைய மொழிபெயர்ப்பா, புதியதா என்பது இதில் பொருளல்ல. ஆண்டவருடைய அவ்வாக்கியத்தில் வினை கிரேக்கத்தின் நிறைவுகாலத்தில் நிற்கிறது. நடந்து முடிந்து நிலைத்திருக்கும் ஒன்றைக் கண்டு சொல்லும் சொல் அது. எவருக்கும் முன்கூட்டி விதித்த நிபந்தனையாக அது ஓரிடத்திலும் வரவில்லை. குணமாகாத ஒருவரை நோக்கிக் குற்றச்சாட்டாகவும் வரவில்லை. அதற்கு மேலான விடை மாற்கு 15:31-லேயே இருக்கிறது. பிறரை இரட்சித்தவர் தம்மை இரட்சித்துக்கொள்ளாமல் அங்கே தொங்குகிறார். அவ்வினையை ஐந்தாம் அதிகாரத்திலிருந்து பதினைந்தாம் அதிகாரம் வரை ஒரே ஒலியாய்க் கேட்ட சபை, குணமாகாத உடலை இரட்சிப்பின்மைக்கு அடையாளமாகக் கொள்ளத் துணியாது. சொல்லைப் பிரித்துவைத்தால் சிலுவையடியின் இவ்விடை நமக்குக் கிடைக்காமற்போகிறது. அப்பெண்ணுக்கு நான் காட்டியதும் அவ்வசனத்தையே.

ஜெஸி பிராண்ட் 1929 ஜூன் மாதத்தில் கருநீர்க் காய்ச்சலால் மரித்தார். எத்தனையோ பேரைக் குணமாக்கிய மனிதரை அக்காய்ச்சலினின்று காக்க அம்மலையில் ஒருவராலும் இயலவில்லை. எவ்லின் அம்மையார் மிஷன் பணியினின்று ஓய்வுபெற்றபின் தாமாகவே மீண்டும் மலைகளுக்குச் சென்று, தம் தொண்ணூறுகளிலும் ஊர் ஊராகச் சுற்றி, 1974-இல் காலமாகிக் கணவர் அருகே அடக்கம்பண்ணப்பட்டார். அக்கல்லறைகளின் அருகே மலைமக்கள் மாற்கு ஐந்தாம் அதிகாரத்தை வாசிக்கையில் எச்சொல்லைக் கேட்கவேண்டும் என்பது நாம் முடிவு செய்யவேண்டியது.

பொது மொழிபெயர்ப்பு மறுபடி திருத்தப்படும் காலம் வருமாயின், ஏழு இடங்களையும் ஒருங்கே வைத்துப் பார்க்குமாறு அக்குழுவினரைக் கேட்டுக்கொள்ளுகிறேன். பாடத்தை மாற்ற மனமில்லையேல் மாற்கு 5:23, 28, 34 ஆகிய வசனங்களின் கீழ், இம்மூன்றிலும் லூக்கா 7:50-இலும் மாற்கு 15:31-இலும் மூலத்தில் ஒரே வினை வருகிறது என்று ஓர் அடிக்குறிப்பு சேர்க்கலாம். அதுவரை, வாசகப் பகுதியாக இவ்வதிகாரம் வரும் ஞாயிறுகளில் ஆயர்கள் இரு மொழிபெயர்ப்புகளிலும் 34-ஆம் வசனத்தைச் சபையாருக்கு வாசித்துக் காட்டுவார்களாக. நான் இப்பொழுது அவ்வாறே செய்துவருகிறேன். அம்மூதாட்டிக்கு இதைச் சொல்ல மறுமுறை மலையேறியபோது அவர் உயிரோடில்லை.